கூழைக்கடாவுக்கு முறை உண்டா?

செத்தவனைக் கூழைக்கடாவாக மாற்றிவிட்டால் அவனுக்கு உயிர் வந்ததாக அர்த்தமா, இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குப்பத்து ஏலக் கொட்டகையில் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளாக நான், கையில் ஆறிப்போன டீயோடு. முதலில் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பு எங்கே நின்றது என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

யமுனாவைப் பற்றி ஒருமுறை எழுதியிருக்கிறேன் - ரயிலில் என் ஜன்னல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு டப்பா வறுத்த இறால் கொடுத்த பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மீதி நாள் குப்பத்து வீட்டிலிருந்தே லேப்டாப். போன வாரம் போன் செய்தாள்.

"மேடம், ஞாயித்துக்கெழம பொணம் எழுப்புறோம். வரீங்களா?"

இப்படிக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? எனக்கோ நான்கு சுவருக்குள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்தாலே உள்ளங்கால் அரிக்கும். ஆரம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். காற்று பலமாக இருந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்து, படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன. ஏரி, ஈயம் பூசிய பெரிய தாம்பாளம் போல, ஒரு பக்கம் சாய்ந்து அலம்பிக்கொண்டிருந்தது.

விளையாட்டு இதுதான். போர்டு இல்லை, காய் இல்லை. ஜெயிப்பதும் தோற்பதும்கூட இல்லை. ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு கதைக்குள் இறங்குகிறார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்கிறீர்கள் - திறக்கிறதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு டைஸ் சொல்லும். அவ்வளவுதான். வாளும் மந்திரமும் பூதமும் நிறைந்த ஒரு உலகத்தை, தலைகீழாய்க் கவிழ்த்த தெர்மாகோல் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வாயாலேயே கட்டி எழுப்புகிறார்கள். ஆபீஸ் சிநேகிதிகளிடம் கற்றுக்கொண்ட யமுனா, தடிமனான ரூல் புத்தகத்தைத் தமிழில் பேசி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கதை சொல்வது அவள். ஆடுகிறவர்கள் மூன்று பேர்.

மஸ்தான் பாய், பழவேற்காட்டிலிருந்து ஐஸ் கொண்டுவருகிறவர். கதையில் பூட்டு உடைக்கும் திருடன். நிஜத்தில் ஒரு டீக்குக்கூட அடுத்தவரைக் காசு கொடுக்க விடாத மனிதர்.

ஏகாம்பரம், முப்பது வயது மீனவன். கதையில் இரும்புச் சட்டை போட்ட போர்வீரன்.

மூன்றாவது பவானி. ஏகாம்பரத்துக்கு அண்ணி. ஆரம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கதையில் மந்திரக்காரி. "பேரு வைக்கணும்க்கா" என்று யமுனா கேட்டபோது, "பேருலாம் இன்னாத்துக்கு? மந்திரக்காரின்னே கூப்டு" என்றாளாம்.

இந்த மந்திரக்காரிக்கு இரண்டு வித்தை தெரியும். ஒன்று, செத்தவர்களை எழுப்புவது. மூழ்கிப்போன கப்பல் ஒன்றிலிருந்து மூன்று எலும்புக்கூடுகளை எழுப்பி வேலைக்கு வைத்திருந்தாள். 'எலும்பாளு' என்று ஆடுகிறவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது, கூலி கிடையாது. ஆனால் ஒரு கண்டிஷன். தினம் காலையில் மந்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒருநாள் மறந்தால், எழுப்பினவள் மேலேயே பாயும்.

இன்னொன்று, உருமாற்றும் மந்திரம். யாரையும் எந்த மிருகமாகவும் பறவையாகவும் மாற்றலாம்.

"மேடம், இதக் கேளுங்க," என்றார் மஸ்தான் பாய். "மூணு எலும்பாளு இக்குது. ரெண்டு அடி வாங்கி அடி வாங்கி, ஒண்ணுக்கு கையே இல்ல. மூணாவது இக்குது பாருங்க… ஒரு சண்டைக்கும் அனுப்ச்சது கெடையாது. மாமியா வூட்டுக்கு வந்த மாப்ள மாதிரி பின்னாடியே நிக்குது."

பவானி சிரிக்கவில்லை. "அதுக்கு வேற வேல வெச்சிக்கிறேன். நீ ஒன் பூட்டப் பாரு பாய்."

எனக்கு அப்போது எதுவும் தெரியாது. உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பவானியின் கணவன் தேசிங்கு. போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். தேசிங்கு சேரவில்லை. தேடினார்கள்… ஏரியிலும் தேடினார்கள், கடலிலும் தேடினார்கள். சட்டைகூடக் கிடைக்கவில்லை. பவானி தாலியைக் கழற்றவில்லை. கருமாதி செய்யவில்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

இந்த ஏரியில் எல்லாமே முறை. இறால் வரும் வழிகளில் கழி ஊன்றி வலை கட்டுவதற்கு, இன்றைக்கு இவன் நாளைக்கு அவன் என்று சுற்றுமுறை வைத்திருக்கிறார்கள். அதைப் 'பாடு' என்பார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடக் கூடாது. சீட்டுக் குலுக்கி, முறை மாற்றி மாற்றி எல்லோருக்கும் வர வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று. ஆண்கள் பேரில்.

உடல் கிடைக்காமல் போனவனின் முறையை என்ன செய்வது? இந்தக் குப்பத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மனைவி ஊர் முன்னால் வந்து, "என் வூட்டுக்காரர் முறைய எறக்கி வெக்கிறேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் முறை வீட்டின் அடுத்த ஆணுக்குப் போகும். அதில் வருவதில் அவளுக்கும் பங்கு உண்டு. சொல்லாதவரை, அவன் முறை வருகிற நாளில் அந்த இடத்தில் யாரும் வலை கட்ட மாட்டார்கள். தண்ணீர் சும்மா போகும். இறாலும் சும்மா போகும்.

அந்த வெள்ளிக்கிழமை ஊர் கூடுவதாக இருந்தது. புதுச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்க. அதற்கு முன்னால் பவானியைக் கேட்பார்கள். கேட்டாக வேண்டும்.

அவள் சொல்லிவிட்டால், தேசிங்கு அவள் வாயால் செத்தவன் ஆகிவிடுவான். ஏகாம்பரமோ அவளிடம் இதைப் பற்றிப் பேசவே முடியாது. அடுத்த ஆண் அவன்தான். வாயைத் திறந்தால் முறைக்காகத் திறந்ததாகிவிடும். அடுத்தடுத்த வீடு. ஒரே குழாயடி. ஆனால் இந்தப் பேச்சு மட்டும் இல்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன்.

ரூல் புத்தகத்தின்படி, யாருக்கு முதல் வாய்ப்பு என்பதை டைஸ் போட்டு முடிவு செய்ய வேண்டும். பெரிய நம்பர் விழுந்தவருக்கு முதல் டர்ன். இதைக் கேட்டதும் குப்பமே சிரித்ததாம். அதெப்படி? ஒருத்தனுக்கே தினம் பெரிய நம்பர் விழுந்தால்? ஆகவே இங்கே டர்னும் பாடு முறைதான். ஆளுக்கொரு கிளிஞ்சல், டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி எடுப்பது. இன்று முதலில் ஆடியவர் நாளை கடைசி. உலகத்தில் வேறெங்கும் இந்த விளையாட்டை இப்படி ஆட மாட்டார்கள். யமுனா தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

அதனால்தான் சண்டை வந்தது.

எலும்பாளுக்குத் தனி டர்ன் உண்டு என்கிறது புத்தகம். "ஒரே வூட்டுக்கு நாலு முறையா?" என்று ஆரம்பத்திலேயே மற்றவர்கள் மறுத்துவிட்டார்களாம். செத்தது எதற்கும் முறை கிடையாது. பவானியின் முறையிலேயே அவையும் அசைந்துகொள்ள வேண்டியது. அப்படித்தான் ஆடிவந்தார்கள்.

அன்றைக்குக் கதையில், கடலுக்குள் பாதி மூழ்கிய ஒரு விளக்குக் கோபுரம். உச்சியில் சாவி. அடியில் இரும்புக் கதவு. பவானி தன் மூன்றாவது எலும்பாளைக் கூழைக்கடாவாக மாற்றினாள்.

"சோக்கா யோசன பண்ணிக்கிறே," என்றார் மஸ்தான் பாய். "சாவிய அலகுப் பையில போட்டுக்கினு வந்துடும்."

பவானி மடியிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்தாள். பெட்டி மேல் வைத்தாள். "இது அதுக்கு. டப்பாவுல போடு யமுனா."

ஏகாம்பரம் விளையாட்டுச் சூட்டில் இருந்தான். "அதெல்லாம் கெடையாது. செத்தவனுக்கு ஏது அண்ணி முறை?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த மீன் டிரேயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

என் சிரிப்பு நின்றது அங்கேதான். கொட்டகைத் தகரத்தைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

பவானி நிதானமாகத்தான் பேசினாள். "இப்ப அது செத்தது இல்ல. மூச்சு வுடுது. றெக்க அடிக்குது. பசிச்சா மீன் துன்னும். அப்ப உயிர் இக்குதா இல்லியா? நீயே சொல்லு யமுனா, நீதானே பொஸ்தகம் வெச்சிக்கிறே."

யமுனா பக்கங்களைப் புரட்டினாள். தேடுவது போல இல்லை; நேரம் கடத்துவது போல இருந்தது.

"உயிர் இருக்குக்கா," என்றாள் கடைசியில். "கூழைக்கடாவோட உடம்பு, கூழைக்கடாவோட புத்தி. நீங்க சொல்றதக் கேக்கும். ஆனா…"

"ஆனா இன்னா?"

"நீங்க யாருன்னு அதுக்குத் தெரியாது."

பவானி அதைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டு மென்றாள். "பரவால்ல. அப்புறம்?"

"நீங்க அது மேலயே நெனப்பா இருக்கணும். நெனப்ப எடுத்தீங்கன்னா எங்க இருக்குதோ அங்கயே எலும்பாயிடும். அது மேல நெனப்பா இருக்கற வரைக்கும் வேற பெரிய மந்திரம் எதுவும் உங்களால போட முடியாது."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் பவானி.

கிளிஞ்சல் டப்பாவுக்குள் போனது.

குலுக்கி எடுத்ததில் கூழைக்கடாவுக்குத்தான் முதல் முறை. அடுத்து ஏகாம்பரம், மஸ்தான் பாய், கடைசியில் பவானி. கூழைக்கடா கிளம்பியது. கரைக்கும் கோபுரத்துக்கும் நடுவில், திறந்த கடலுக்கு மேலே அது சிறகை விரித்து மிதந்ததை யமுனா சொன்ன விதத்தில், நாங்கள் எல்லோரும் அனிச்சையாக ஏரிப் பக்கம் தலையைத் திருப்பினோம். அங்கே நிஜமாகவே இரண்டு கூழைக்கடாக்கள், அந்தக் காற்றிலும், கழி மேல் உட்கார்ந்திருந்தன.

அடுத்தது ஏகாம்பரத்தின் முறை. கதவைத் தோளால் தள்ளினான். டைஸில் ஒன்று விழுந்தது. இதை விடக் கெட்ட நம்பர் கிடையாது.

"கதவு பேந்து ஒங்க கால் மேல விழுது மாமா," என்றாள் யமுனா. "நகர முடியல. கடல் தண்ணி உள்ள வருது… கழுத்து வரைக்கும் வந்திடுச்சு. இந்தச் சுத்து முடியறதுக்குள்ள யாராச்சும் தண்ணியத் தடுக்கணும். இல்லன்னா முடிஞ்சுது."

தண்ணீரைத் தடுக்கும் மந்திரம் பவானியிடம்தான் இருந்தது. பெரிய மந்திரம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கேட்டாள்: "இப்ப நெனப்ப வுட்டா, அது எங்க வுழும்?"

யமுனாவுக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. "கடல்லக்கா."

பவானி பெட்டி மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப என்னால முடியாது."

கோபம் இல்லை, அழுகை இல்லை. கடையில் மீன் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

ஏகாம்பரம் நிமிர்ந்தான். "வுடுங்க அண்ணி. நான் போறேன். வேற வேஷம் போட்டுக்கறேன், இன்னா இப்போ? நீங்க அத வெச்சிக்கிங்க."

மேடையில் இதே வசனத்தைப் பெரிய குரலில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒரு மீன் டிரேயைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை.

மஸ்தான் பாய் தொண்டையைச் செருமினார். "யமுனா, என் முறை இன்னும் இக்குது இல்ல?"

"இருக்கு பாய். கதவத் தூக்கப் பாக்கறீங்களா?"

"நான் எங்க தூக்கறது, எலும்பா இக்கறேன். என் முறைய பவானிக்குக் குடுத்துட்டேன். அது ரெண்டு வாட்டி ஆடட்டும்."

"ரூல்ல அப்டி இல்ல பாய்."

"ஏரியில இக்குதே," என்றான் ஏகாம்பரம். "வூட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா முறைய மாத்திக் குடுக்கறது இல்லியா?"

"எனக்கு ஏரியில முறையே கெடையாது," என்றார் மஸ்தான் பாய். "நான் ஐஸ் ஒடைக்கறவன். எனக்குன்னு ஒரு முறை கெடச்சது இங்கதான். அத யாருக்குக் குடுக்கறதுன்றது என் இஷ்டம். பேஜார் பண்ணாத, எழுது."

யமுனா ரூல் புத்தகத்தை மூடி, காற்றில் பறக்காமல் இருக்கக் கீழே வைத்து அதன் மேல் காலி டீ கிளாஸை வைத்தாள். "சரி. பவானிக்கா, ஆடுங்க."

பவானி யோசித்தாள். "அங்க எங்கியாவது மணல் திட்டு இக்குதா?"

யமுனாவின் கதையில் திட்டு எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். "இருக்கு," என்றாள். "கோபுரத்துக்குக் கொஞ்சம் இந்தாண்ட."

"அது மேல எறக்கு."

"எறங்கிடுச்சு. றெக்கைய மடக்குது."

"என்னப் பாக்குதா?"

"இல்லக்கா. தண்ணியப் பாக்குது."

பவானி தலையசைத்தாள். இப்போது அவளுடைய சொந்த முறை. டைஸை உள்ளங்கையில் வைத்து மூடினாள். மூடிய கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"வுட்டுட்டேன்," என்றாள். டைஸை உருட்டினாள்.

அது பெட்டியிலிருந்து துள்ளி, மீன் டிரேக்களுக்கு அடியில் ஓடிவிட்டது. ஏகாம்பரம் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தான். "பதினாலு," என்றான். பத்து போதும். தண்ணீர் விலகியது. போர்வீரன் இருமிக்கொண்டே எழுந்தான்.

"எலும்பு திட்டு மேல கெடக்குது," என்றாள் யமுனா மெதுவாக. "நாளைக்குக் காலையில திரும்ப எழுப்பிக்கலாம்க்கா. ஒங்க கிட்ட மந்திரம் இருக்கு."

"வேணாம்."

"அப்ப அத இன்னா பண்றது?"

"மண்ணு தள்ளி மூடிடறேன்." கொஞ்சம் பொறுத்து, "ஈர மண்ணு வேணாம் யமுனா. மேல காஞ்ச மண்ணு இக்கும் பாரு, அத தள்ளு."

யமுனா "தள்ளியாச்சு" என்றாள். 

"மத்த ரெண்டு?" என்று கேட்டார் மஸ்தான் பாய்.

"அதுங்க அடி வாங்கட்டும்," என்றாள் பவானி. அப்போதுதான் அவள் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன். சின்னதாக, ஒரு பக்கமாக.

எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கொட்டகையை விட்டு இறங்கும்போது, திரும்பாமலே சொன்னாள்: "ஏகா, வெள்ளிக்கெழம ஊர் கூடறப்ப நான் வரேன்னு சொல்லிடு."

ஏகாம்பரம் கூழைக்கடாவுக்கு வைத்த கிளிஞ்சலை விரலால் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவள் வீட்டுக்குள் போன பிறகுதான், மேலே நான் சொன்ன விவரமெல்லாம் யமுனா எனக்குச் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை. வாசலருகே நின்றுகொண்டே வந்தேன்.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோருமே இந்த இரண்டு வித்தையையும் சேர்த்துச் செய்கிறவர்கள்தான், இல்லையா? முடிந்துபோன ஒரு சிநேகத்தை வருஷம் ஒருமுறை பிறந்தநாள் வாழ்த்தாக உருமாற்றிப் பறக்கவிடுகிறோம். எப்போதோ கைவிட்ட ஒரு ஆசையை, "ரிட்டயர் ஆன பிறகு" என்று பெயர் மாற்றி, சிறகு ஒட்டி, கண்ணெதிரே நிறுத்திக்கொள்கிறோம். அது மூச்சு விடுகிறது. சொன்னால் கேட்கிறது. நம்மை அதற்குத் தெரியாது என்பது மட்டும்தான் குறை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மற்றொன்று - ஒவ்வொரு காலையும் எழுந்ததும் முதல் வேலையாக மந்திரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருப்பது. அந்த நினைப்பு கையில் இருக்கும் வரை, பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனுக்கு நீட்ட நம்மிடம் கை இருப்பதில்லை.

ஆனால் 'விட்டுவிடு' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். எங்கே விடுவது? கடல் மேலேயா? ஒரு திட்டு வேண்டும். திட்டு வரை போய்ச் சேர, அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத் தன்னுடையதிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு ஐஸ்காரர் வேண்டும்.

நேற்று யமுனா போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பவானி போனாளாம். ஊர் முன்னால் நின்று, அந்த ஒரு வரியைத் தடுமாறாமல் சொன்னாளாம். தேசிங்கின் முறை ஏகாம்பரத்துக்கு வந்தது. சீட்டுக் குலுக்கினார்கள். அடுத்த அமாவாசைக்கே அவன் முறை - இறால் நன்றாக வரும் நாள்.

சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஏகாம்பரம் சொன்னானாம்: "இந்த மொத முறைய எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டேன். அன்னிக்கு அங்க யாரும் வலை கட்ட வேணாம்."

"செத்தவனுக்கு எப்படிடா முறை குடுப்பே? வழக்கத்துல இல்லியே," என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"முறை என்னுது," என்றானாம். "யாருக்குக் குடுக்கறதுன்றது என் இஷ்டம்."

ஊர் அடுத்த சீட்டைப் பிரித்தது.

செத்தவர்களுக்கு முறை கிடையாதுதான்… உயிரோடு இருக்கிற யாராவது, தன்னுடையதைக் கொடுக்கிறவரை.